எழுதுகருவிக்கு வந்த சோதனை

1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் இணைய உலாவி, படிப்பதற்கு மாத்திரமன்றி எழுதுவதற்கும் உரிய சாதனமாகவே இருந்தது என்பது இன்று பலரும் மறந்துபோன விஷயம். வாசகனே ஆசிரியனாகவும் இருக்கலாம் என்ற அந்த ஏற்பாடு, 1993இல் மொசைக் என்னும் உலாவி எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி ஜனங்களை வசீகரித்த பிறகு பின்னுக்குப் போய்விட்டது. பக்கங்களைப் பார்ப்போர் ஒரு கூட்டம், அவற்றைச் செய்வோர் வேறொரு கூட்டம் என்றாயிற்று.

செய்வோருக்குச் சகாயமாக வந்தவை பிரண்ட்பேஜ், டிரீம்வீவர் முதலிய மென்பொருள்கள். பலகையின்மீது படத்தையும் எழுத்தையும் வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால், அவற்றுக்குரிய குறிமொழியை மென்பொருளே எழுதிக்கொள்ளும். ஆனால் அழகுக்காக அட்டவணைக்குள் அட்டவணையாக அடுக்கப்பட்ட அத்தகைய பக்கத்தைப் பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் உரக்கப் படிக்கையில், விஷயம் முன்னுக்குப்பின் முரணாக வெளிவரும். படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை இல்லாத படம் வந்தாலோ, கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக உச்சரித்துவிட்டு அப்பால் செல்லும். பக்கத்தைச் செய்தவருக்குத் தாம் செய்த பிழை இன்னதென்றே தெரியாது. பிழையை எழுதியது அவருடைய கை அன்று, கருவி.

முதலில் சோதனைக்கு உட்பட்டவை பக்கங்களே. 1996இல் அமெரிக்காவின் காஸ்ட் நிறுவனம் வெளியிட்ட சோதனைக் கருவிக்கு பாபி என்று பெயர்; அது லண்டன் போலீஸ்காரரைக் குறிக்கும் செல்லப்பெயர். குற்றமற்ற பக்கத்துக்கு அது ஒரு முத்திரையும் அளித்தது. எனினும் மாற்று உரை இருக்கிறதா என்று காணத்தான் இயந்திரத்துக்கு இயலுமேயன்றி, அது உண்மையைச் சொல்கிறதா என்று காண இயலாது. கோபுரத்தின் படத்துக்கு மாற்று உரையாக வெறுமனே ‘படம்’ என்று எழுதிவைத்தாலும் போலீஸ்காரர் வணக்கம் செலுத்திவிட்டுப் போய்விடுவார்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி சபை 1999 மே மாதத்தில், பக்கங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுவதற்கான விதிகளை வெளியிட்டது. ஒன்பதே மாதங்களில், 2000 பிப்ரவரி 3ஆம் தேதி, பக்கங்களைச் செய்யும் மென்பொருளுக்கும் விதிகள் பிறந்தன. இவ்வேலையில் முன்நின்றவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூட்டா டிரெவிரானஸ். ஒவ்வொரு பக்கமாகத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, பக்கங்களைப் பெற்றெடுக்கும் கருவியைத் திருத்துவதே விவேகம் என்பது அவ்விதிகளின் உட்கருத்து. நெறிகள் மொத்தம் ஏழு. படத்தைச் செருகும்போதே மாற்று உரையைக் கேள், பிழையைக் கண்டால் எழுதுபவரிடம் சொல், இந்த வசதிகளை ஏதோ ஒரு மூலையில் ஒளித்துவையாதே என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, ஏழாவதாக, மாற்றுத்திறனாளியான ஆசிரியரும் இக்கருவியைக் கையாள முடியவேண்டும் என்று முடித்தார்கள்.

அந்த ஏழாவது நெறியைக் கடைசியில் வைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அக்காலத்து மனோபாவத்தை அது நன்றாகவே காட்டுகிறது. பார்வையற்றவரை வாசகராகக் கற்பனை செய்ய உலகம் ஒருவாறு பழகியிருந்தது. கட்டுரை எழுதி, படம் சேர்த்து, தலைப்பிட்டு வெளியிடும் ஆசிரியராகக் கற்பனை செய்யப் பழகவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், ஏழாவதாக இருந்த நெறியே விரிவுபெற்று முதல் பாகமாயிற்று. மற்றவர்களுக்கு உதவும் பக்கங்களை உண்டாக்குவது இரண்டாம் பாகத்துக்குப் போயிற்று.

இதற்குள் துருபல், வேர்டுபிரஸ் முதலியவை தோன்றி, இணையதளம் நடத்துவதைச் சாமானியருக்கும் எட்டச் செய்திருந்தன. 2018 டிசம்பரில் வேர்டுபிரஸ் தன் பழைய எழுதுபலகையை நீக்கிவிட்டுப் புதிய பலகையொன்றை வைத்தபோது, அதற்கு அச்சுக்கலையின் முன்னோடியான கூட்டன்பர்க்கின் பெயரையே சூட்டியது. மவுஸைக் கொண்டுசென்றால் மாத்திரம் முளைக்கும் பொத்தான்கள் விசைப்பலகையை நம்பியவருக்கு எட்டாமற்போகக் கூடும் என்ற கவலை அதற்கு முன்பே எழுந்திருந்தது. அக்டோபரில், மாற்றுத்திறனாளிகளின் வசதியைக் கவனிக்கும் வேர்டுபிரஸின் அணுகல்தன்மைக் குழுவை நடத்திவந்த ரியான் ரீட்வெல்ட் பதவி விலகினார். புதிய பலகையின் அணுகல்தன்மையை வெளியாரைக் கொண்டு பரிசோதிக்கும் யோசனையும் கைவிடப்பட்டது.

அப்பொழுது, உயர்கல்வி நிலையங்களில் வேர்டுபிரஸை உபயோகிப்போரின் அமைப்பான டபிள்யூபிகேம்பஸ், பொதுமக்களிடம் நிதி திரட்டி, டெனான் என்ற நிறுவனத்திடம் பரிசோதனையை ஒப்படைத்தது. அணுகல்தன்மை விஷயத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சட்டம் கட்டுப்படுத்துவதால், அவர்களுக்கு இது வெறும் தர்மகாரியம் அன்று. 2019 மே மாதத்தில் வெளியான அறிக்கை முந்நூறு பக்கங்களைத் தாண்டியது. புதிய பலகை பழையதைவிடப் பின்தங்கியது என்று அது கூசாமற் கூறியது.

அதன் பிறகு குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டே வருகின்றன. ஆயினும் பழைய பலகையைத் தனியே நிறுவிக்கொள்ளும் செருகுநிரலை ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் வைத்துக்கொண்டிருக்கின்றன. பழகியதை விட மனமில்லாதவர்களுக்கு இடையே, விரல்களால் தடவித் தடவி அதிலேயே எழுதக் கற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள்.