வடக்கே: கடல்

ஆணி புடுங்கறதுக்காக என்னை மூணு மாசம் ஹாங்காங் அனுப்பி வச்சிருந்தாங்க. ஆபீஸ் குயின்ஸ் ரோட்டுல. மத்தியானம் சாப்பிட்டதும் (சைவம் தேடி அலைஞ்ச சோகத்துக்குத் தனிப் பதிவே போடணும்) கடல் பக்கமா ஒரு நடை போவேன். குயின்ஸ் ரோட்டைத் தாண்டினா டே வோ ரோடு. 'டிங் டிங்'னு டிராம் போகும். அதையும் தாண்டினா கனாட் ரோடு. அதுக்கப்புறமும் நடந்தாத்தான் கடல். ஒரு நாள் கூட வந்த உள்ளூர் நண்பர் சாதாரணமா சொன்னார், "இப்ப தாண்டினோமே மூணு ரோடு, மூணுமே ஒவ்வொரு காலத்துல கடற்கரைதான்."

எப்படித் தூர்த்தாங்கன்னு கேக்கறதுதான் இன்ஜினியருக்கு அழகு. எனக்குத் தோணினது வேற. முதல் ரோட்டுல கடலைப் பார்த்து இடம் வாங்கினவன் சும்மாவா விட்டான்?

இந்தக் கேள்விக்குக் காரணம் என் சித்தப்பா. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், பால்கனியில நின்னா கடல் தெரியும்னு சொன்னதை நம்பி ஒரு ஃபிளாட் வாங்கினார். ரெண்டே வருஷத்துல முன்னாடி இன்னொரு அடுக்குமாடி எழும்பிடுச்சு. வக்கீலைப் பார்த்தோம். அவர் பத்திரத்தைப் புரட்டி செக்குபந்தியைக் காட்டினார். 'கிழக்கே: காலி மனை.' கடல்னு ஒரு வார்த்தை இல்ல. கேஸ் அங்கயே முடிஞ்சுது.

ஹாங்காங்காரன் பத்திரம் அப்படி இல்லைங்க. 1841 ஜனவரியில பிரிட்டிஷ்காரன் கொடி நட்டான். ஜூன்லயே மனைகளை ஏலம் விட்டான், அதுவும் மக்காவுல உக்காந்துக்கிட்டு. தீவு சட்டப்படி கைக்கு வந்ததே 1842 நான்கிங் ஒப்பந்தத்துலதான் (நம்ம ஊர் ரியல் எஸ்டேட் ஆளுங்க எல்லாம் கத்துக்கணும்). குயின்ஸ் ரோட்டுக்கு வடக்கே இருந்ததுக்குப் பேரே 'கடல் மனை'. மனைக்கு சுமார் 100 அடி கடல் முகப்பு. நம்ம பாணியில எழுதினா செக்குபந்தியில 'வடக்கே: கடல்'. வியாபாரிக்கு அது காத்து வாங்கறதுக்கு இல்ல. படகு நேரா கிடங்கு வாசலுக்கு வரும், மூட்டை இறங்கும். அவன் காசு குடுத்தது அந்த வசதிக்குத்தான்.

வாங்கினவங்களும் யோக்கியம் இல்ல. கிடைச்ச மண்ணைக் கொட்டி ஆளாளுக்குக் கடலுக்குள்ள மனையை நீட்டிக்கிட்டே போனாங்க. 1855ல கவர்னர் ஜான் பௌரிங், கடலோரம் முழுக்க அரசே ஒரே சீரா சுவர் கட்டி ரோடு போடலாம்னு திட்டம் போட்டார் (அதுக்குத் தன் பேரையே வைக்கிறதா ஏற்பாடு!). வந்துச்சு வினை. மனைக்கும் தண்ணிக்கும் நடுவுல பொது ரோடு வந்தா அப்புறம் என்ன கடல் மனை? கடல் அடி நிலம் அரசுதுன்னு இவர், முகப்பு எங்களுதுன்னு அவங்க. எதிர்ப்புக்கு முன்னால நின்னவர் டெண்ட் கம்பெனி ஜான் டெண்ட். அவருக்கும் அந்தக் கடலோரத்துல மனை உண்டு, சட்டசபையிலயும் இடம் உண்டு. 1859 பிப்ரவரியில ஓட்டெடுப்பு நடந்தப்ப அரசு உறுப்பினர்களே கவர்னருக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. திட்டம் படுத்துடுச்சு. அதே வருஷம் பௌரிங் ஊரை விட்டுக் கிளம்பினார். 1860கள்ல அடுத்து வந்தவங்கதான் துண்டு துண்டா அந்த ரோட்டைப் போட்டாங்க. இன்னிக்கு டிராம் ஓடற டே வோ ரோடு அதுதான்.

டெண்ட் கேட்டது பேராசைன்னு முதல்ல நினைச்சேன். ஆனா லண்டன்லயே அதே சண்டை நடந்திருக்கு. தேம்ஸ் கரையில சுவர் எழுப்பி விக்டோரியா எம்பாங்க்மென்ட் போட்டப்ப, பக்ளூ பிரபுவோட மாளிகைக்கு ஆற்று முகப்பு போயிடுச்சு. 1872ல பிரபுக்கள் சபை அவருக்கு இழப்பீடு உண்டுன்னு சொல்லிடுச்சு. 1876ல லயன் வழக்குல இன்னும் தெளிவாச்சு. ஆத்துல படகு விடற உரிமை ஊருக்கே பொது. ஆனா என் நிலத்துல இருந்து தண்ணிக்கு இறங்கற உரிமை என் சொத்தைச் சேர்ந்தது. பினாங்கும் சிங்கப்பூரும் இருந்த ஜலசந்திக் காலனியில இருந்து வீம்ஸ்ங்கிறவர் வழக்கு பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. இப்படிப்பட்ட நஷ்டத்துக்கு அரசு மேலயே கேஸ் போடலாம்னு 1888ல தீர்ப்பு வந்துச்சு.

அதுக்கு முந்தின வருஷம்தான் ஹாங்காங்ல பால் சேட்டர் களம் இறங்கினார். கல்கத்தாவுல பிறந்த ஆர்மீனியர், 18 வயசுல ஹாங்காங் வந்தவர். அவர் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். ரெண்டு மைல் நீளம், 250 அடி அகலம் கடலைத் தூர்க்கணும். ஒவ்வொரு மனைக்காரனும் தன் மனைக்கு முன்னால தூர்க்கிற செலவைத் தானே கட்டணும், புது நிலத்தைத் தானே எடுத்துக்கணும். போன முகப்புக்குப் பதிலா 250 அடி தள்ளிப் புது முகப்பு. இழப்பீட்டைப் பணமா குடுக்காம கடற்கரையையே நகர்த்திக் குடுத்துட்டார்! முன்னாடி மல்லுக்கு நின்ன வர்க்கம் இப்ப பேனாவோட வந்துச்சு. 1889ல சட்டம், 1890ல வேலை ஆரம்பம், 1904ல முடிஞ்சப்ப சுமார் 60 ஏக்கர் புது நிலம். அதே 1889ல சேட்டர் ஹாங்காங் லேண்ட்னு ஒரு நிலக் கம்பெனியையும் கூட்டா ஆரம்பிச்சார். தற்செயலா இருக்கும்னு நீங்க நம்பினா எனக்கு ஆட்சேபணை இல்ல.

மசியாதவங்க ராணுவமும் கடற்படையும்தான். கப்பல் துறையைக் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. அரசாங்கத்தோட சொத்தே அரசாங்கத்தோட திட்டத்துக்குக் குறுக்க நின்னுச்சு. கப்பல் துறையை மூடின 1959 வரைக்கும் அந்த அடைப்பு தீரல.

எனக்கு வயித்தெரிச்சல் வந்தது ஒரு பேங்க் கதையிலதான். எச்எஸ்பிசி தலைமையகம் பழைய கடலோரத்துல இருந்துச்சு. முன்னால நிலம் வந்ததும், எதிர்ல இருக்கிற சதுக்கத்துல கட்டடமே கட்டக் கூடாதுன்னு 1901ல அரசோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. பார்வைக்கும் பத்திரம் உண்டு மக்களே, எழுதி வாங்கிக்கிற தெம்பு இருந்தா!

இந்தப் பேரம் அத்தனையும் மனை நம்பர் இருந்தவங்களுக்கு. படகுலயே பிறந்து படகுலயே குடும்பம் நடத்தின டான்கா மக்களுக்கு அந்தத் தண்ணிதான் வீட்டு வாசல். அவங்களுக்கு ஏது செக்குபந்தி? கடல் 250 அடி தள்ளிப் போனா படகும் தள்ளிப் போகணும், அவ்வளவுதான்.

துறைமுகம் ஹாங்காங் மக்களோட பொதுச் சொத்துன்னு சட்டம் எழுத 1997 ஆச்சு. தவிர்க்கவே முடியாத பொதுத் தேவை இல்லாம தூர்க்கக் கூடாதுன்னு அங்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2004ல.

கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அந்தச் சதுக்கத்துல போய் உக்காந்தேன். வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பொண்ணுங்க அட்டையை விரிச்சு சாப்பாட்டைப் பிரிச்சு வச்சிருந்தாங்க. கடல் தெரியுதான்னு பார்த்தேன். அங்க இருந்தும் தெரியல. அப்புறம் வந்த காலத்துல இன்னும் தூர்த்து சிட்டி ஹால் கட்டிட்டாங்க.

சித்தப்பாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த 250 அடி கணக்கு நம்ம ஊர்ல நடக்குமாடா?"ன்னு கேட்டார். பால்கனியில இப்போ துணி காயப் போடறாங்களாம்.