உடுப்பு அவித்த பாத்திரத்தில் பியர்



கோயில் மண்டபத்திலும் செத்தவீட்டிலும் ரீ ஊற்றுகிற, அடியில் குழாய் வைத்த மின் கொதிகலனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பிரித்தானியாவில் சிலர் அதே பாத்திரத்தில் வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்சுகிறார்கள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, "கசிப்புக் காய்ச்சுற மாதிரித்தானே, பொலிஸ் வராதா?" என்பதுதான். ஊரில் கண்டு பயந்ததை வைத்துக் கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

பழைய ஆங்கிலக் கிராமங்களில் பியர் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. பாண் சுடுவதுபோல அதுவும் ஒரு வீட்டுக்காரியம். செங்கல் அடுப்பில் பதித்த பெரிய செப்புப் பாத்திரத்தில் ஒருநாள் உடுப்பு அவிப்பார்கள், இன்னொருநாள் பியர் காய்ச்சுவார்கள். 1697 இல் அரசாங்கம் மோல்ற்றுக்கு, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லிக்கு, வரி போட்டது. 1880 இல் கிளாட்ஸ்டன் அந்த வரியை எடுத்துவிட்டு, பியருக்கே வரி விதித்தார். அத்தோடு வீட்டுக்குக் காய்ச்சுகிறவர்களும் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டி வந்தது. குசினிக்குள் வரிக்காரன் புகுந்த கதைதான்! எண்பத்துமூன்று வருடங்களின் பின், 1963 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அந்த அனுமதிப்பத்திரத்தை ஒழித்தார்.

இனிப் பாத்திரத்துக்கு வருவோம். போருக்குப் பிந்திய வீடுகளில் செப்புப் பாத்திரத்தின் இடத்தை மின் கொதிகலன் பிடித்திருந்தது. லங்காஷயரின் பேர்ன்லி நகரத்து 'பேர்கோ' அவற்றில் பேர்போனது. அதுவும் உடுப்பு அவிக்கத்தான். சலவை இயந்திரம் வந்ததும் அவை மூலைக்குப் போயின. வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியவர்கள் அவற்றைத் தூக்கி எடுத்துக்கொண்டார்கள். உடுப்புப் பாத்திரம் திரும்பவும் பியர்ப் பாத்திரம் ஆனது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரீ போடுகிற கொதிகலனில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் கொதிநிலைக்குக் கிட்ட வந்ததும் அதன் வெப்பக் கட்டுப்பாடு மின்சாரத்தை நிறுத்திவிடும். ரீக்கு அது போதும். பியருக்கோ மோல்ற் ஊறிய சாறு ஹொப்ஸ் பூவோடு ஒரு மணித்தியாலமளவில் தளதளவென்று கொதிக்கவேண்டும். அப்போதுதான் ஹொப்ஸின் கசப்பு இறங்கும், கிருமிகளும் சாகும். சூடாக்கும் கம்பி வெளியே தெரிகிற கொதிகலன் என்றால் சாற்றின் இனிப்பு அதில் ஒட்டிக் கருகும். கம்பி அடித்தட்டுக்குள் மறைந்திருப்பதே நல்லது. கொதிகலன் தானாக நின்றுவிடுகிறதே என்று கட்டுப்பாட்டைக் கழற்றிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று கிலோவாட் மின்சாரமும் கொதிக்கிற சாறும் சேருகிற இடம் அது. மின்வேலை தெரியாதவர் கைவைக்கக்கூடாது. மண்டபத்துக் கொதிகலனை இதற்கு இரவல் வாங்கவேண்டாம், அடுத்த திருவிழா ரீயில் ஹொப்ஸ் மணக்கும்.

சட்டம் வீட்டுப் பியரை அனுமதிப்பது வீட்டுப் பாவனைக்கு மட்டுமே. விற்க வெளிக்கிட்டால் பதிவும் வரியும் வரும். கசிப்புப்போல ஆவியாக்கி வடித்தெடுக்கிற சாராய வகைக்கு 1963 இன் தளர்வு பொருந்தாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வடிப்பது, சொந்தப் பாவனைக்கு என்றாலும், பிரித்தானியாவில் இன்றும் குற்றம்.