ஆரல்வாய்மொழிக் காற்றும் லேப்டாப் பேட்டரியும்

அளந்து செலவிடுவது கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்குப் பழைய பாடம். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில் எழுந்த பேச்சிப்பாறை அணை 1906-இல் நிறைவுற்றது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லும் அந்த அணையை நம்பி விளைந்தன. அணையில் நிற்கும் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்பதை மதகு திறக்கும் அளவே தீர்மானித்தது. லேப்டாப்பின் கணக்கும் இதுதான்: பேட்டரி அணை, புராசஸர் மதகு.

தண்ணீரைத் தொடர்ந்து மின்சாரமும் இந்த மாவட்டத்தில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. பிறகு காற்றின் முறை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட வழி தேடி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அந்தக் காற்றை நம்பி முப்பந்தலைச் சுற்றி 1980களின் பிற்பகுதியிலிருந்து காற்றாலைகள் எழுந்தன. 1990களில் தனியார் முதலீடு வந்து அவை பெருகின. இன்று இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் முப்பந்தலும் ஒன்று.

ஆனால் காற்றாலைகள் நிற்கும் மண்ணிலும் விளக்கு அணைந்தது. 2012-இல் தமிழகத்தை மின்வெட்டு வாட்டியது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களுக்குப் பல மணி நேரம். காற்றுக் காலமான மே முதல் செப்டம்பர் வரை சற்று மூச்சுவிட முடிந்தது. காற்று ஓய்ந்ததும் வெட்டு நீண்டது.

அதே காலத்தில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி மாணவர் கைக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில், முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை எல்காட் நிறுவனம் வழியாக வாங்க அரசு முடிவு செய்தது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பலருக்கு அதுதான் முதல் சொந்தக் கணினி. கரண்ட் போன வீட்டில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற கேள்வி, அன்று படிப்பைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது.

அந்தக் கேள்விக்கான விடை உலகில் எங்கோ ஓர் ஆய்வகத்தில் முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஏகார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் புராசஸர் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று வந்து சேர்ந்தது. விலை மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டும் என்பதால், ஒரு வாட்டுக்குள் அடங்கவேண்டும் என்று அவர்கள் கவனமாக வடிவமைத்திருந்தார்கள். மின்னோட்டத்தை அளந்தால் மீட்டர் சுழியம் காட்டியது. பார்த்தால், சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை; பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்துவந்த சிறு மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! உண்மையான செலவு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே.

லேப்டாப் உலகம் இந்தச் சிக்கனத்துக்கு மெதுவாக வந்தது. 1990-இல் இன்டெல் 386எஸ்எல் சில்லைக் மடிக்கணினிகளுக்கென்றே வெளியிட்டது. 2003 மார்ச்சில் வந்த பென்டியம் எம் பெரிய திருப்பம். இஸ்ரேலில் உள்ள இன்டெல் குழு வடிவமைத்த அது, சுமார் 25 வாட்டுக்குள் அடங்கி, தன்னைவிட அதிக கிகாஹெர்ட்ஸில் ஓடிய பென்டியம் 4-க்கு ஈடுகொடுத்தது. கிகாஹெர்ட்ஸ் எண்ணே திறமை என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

காரணம் எளிய இயற்பியல். சில்லு இயங்கும்போது ஆகும் மின்செலவு, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 1.2 வோல்ட்டை 0.9 வோல்ட்டாக இறக்கினால், அதே வேகத்தில் இந்தச் செலவு ஏறத்தாழ 44 சதவீதம் குறையும். வேலை இல்லாதபோது சில்லின் பகுதிகளை உறங்கவைப்பதும், சிறு வேலைகளுக்குச் சிறிய கோர்களை (செயற்பகுதிகளை) தனியே வைப்பதும் அடுத்த படிகள். ஆப்பிளின் எம்1 2020-லும், இன்டெலின் ஆல்டர் லேக் 2021-லும் இவ்வழியில் வந்தவை.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூருவில் உருவான சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி, இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆர்ம் வழிவந்த ஸ்ட்ராங்ஆர்ம் சில்லைக் கொண்டு சாதாரணச் சிறு பேட்டரிகளில் இயங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு வளர்த்த சக்தி புராசஸர், 2018-இல் சில்லாக உருப்பெற்று லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது லேப்டாப்புக்கான சில்லு அல்ல. ஆனால் சில்லு வடிவமைப்பு தமிழ் மண்ணிலும் நடக்கும் என்பதற்குச் சான்று.

இன்று நாகர்கோவில் கடையில் லேப்டாப் வாங்கப் போகும் பெற்றோரும் மாணவரும் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது, புராசஸர் பெயரின் கடைசி எழுத்து: பொதுவாக 'யு' என்றால் சிக்கனம், 'எச்' என்றால் வேகமும் மின்பசியும். இரண்டாவது, பேட்டரியின் வாட்-மணி அளவு: 50 வாட்-மணி பேட்டரி, கணினி சராசரியாக 5 வாட் எடுத்தால் 10 மணி நேரம் வரும், 15 வாட் எடுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. மூன்றாவது, வாங்குபவரின் வேலை. பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் புரோகிராம் பழகவும் 'யு' வகையே போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் மட்டும் 'எச்' வகைக்குப் பணம் கொடுத்தால் போதும்.