பிலாட்டிஸ்: முள்வேலி முகாமிலிருந்து பிசியோதெரபி அறை வரை

பிலாட்டிஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்கள் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஏதோ கிரேக்கச் சொல், இல்லாவிட்டால் அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் என்றுதான் நினைப்பு. இப்போது முதுகு வலி, தோள்பட்டை வலி, முழங்கால் ஆபரேஷன் என்று பிசியோதெரபிஸ்டிடம் போனால் அவரே "கொஞ்சம் பிலாட்டிஸ் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார். டாக்டர்கள் ஒரு காலத்தில் கண்டுகொள்ளாத இந்தப் பயிற்சி மருத்துவமனைக்குள் வந்து சேர்ந்த கதை சுவையானது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டிஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியில் மொன்ஷென்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், மூட்டுவாதக் காய்ச்சல் என்று எல்லா நோயும் தனக்கு இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நோஞ்சான் பையன் உடற்பயிற்சியில் இறங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டான். முதல் உலகப் போருக்கு முன்பே அவர் இங்கிலாந்து போய்விட்டார். குத்துச்சண்டைக்காரர் என்றும் சர்க்கஸில் இருந்தார் என்றும் சொல்வார்கள். 1914இல் போர் மூண்டதும் ஜெர்மானியர்கள் எல்லோரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். அவரையும் பிடித்து முதலில் லங்காஸ்டரிலும், பிறகு மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாமிலும் அடைத்தார்கள்.

இந்த நாக்கலோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளைநிலத்தில் மரக்கொட்டகைகளைப் போட்டு, சுற்றிலும் முள்வேலி கட்டி, ஒரு கட்டத்தில் சுமார் 23,000 பேரை அங்கே வைத்திருந்தார்கள். நம்மூர் கணக்கில் ஒரு சின்ன டவுன். அவர்கள் சிப்பாய்கள் இல்லை. கடைக்காரர், சமையல்காரர், முடிதிருத்துபவர், கப்பல் வேலையாள் என்று இங்கிலாந்தில் பிழைத்துக்கொண்டிருந்த சாதாரண ஆட்கள். வேலை இல்லை, குடும்பம் அருகில் இல்லை, விடுதலை எப்போது என்றும் தெரியாது. இப்படி வருஷக்கணக்கில் கிடந்தவர்களுக்கு மனம் தளர்ந்து, ஞாபகம் மங்கி, எரிச்சல் ஏறியது. சுவிட்சர்லாந்து மருத்துவர் விஷர் இதற்கு "முள்வேலி நோய்" என்றே பெயர் வைத்து 1918இல் புத்தகம் எழுதினார். குவேக்கர் சபையினர் சார்பில் ஜேம்ஸ் பெய்லி என்பவர் அங்கே மரவேலை, கூடை முடைதல் போன்ற கைத்தொழில்களை ஏற்படுத்தினார். சும்மா இருப்பதே நோய் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அந்தச் சூழலில்தான் பிலாட்டிஸ் தன் கூட இருந்தவர்களுக்குத் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார் என்பது கதை. எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை காலை இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார் என்றும், 1918 விஷக் காய்ச்சலில் அவரிடம் பயிற்சி செய்த ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் சொல்வார்கள். கடைசியில் சொன்னதை நான் நம்பவில்லை. தொற்று நோய் வயிற்றுத் தசையைப் பார்த்தா விட்டுப்போகும்? கட்டில் ஸ்பிரிங் விஷயம் நடந்திருக்கலாம். பின்னாளில் அவர் செய்த கருவிகள் எல்லாம் பார்ப்பதற்குக் கட்டில் மாதிரிதான் இருக்கின்றன.

அதே போரின்போது வேலிக்கு வெளியே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1894இல் நான்கு நர்சுகள் சேர்ந்து லண்டனில் தொடங்கிய மசாஜ் பயிற்சியாளர் சங்கம்தான் இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் மூலம். போரில் கை கால் முடங்கி வந்த சிப்பாய்களால் அந்தத் தொழிலுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. 1914லேயே அல்மெரிக் பேஜட் படை என்ற பெயரில் பயிற்சி பெற்ற பெண்கள் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார்கள். 1920இல் சங்கத்துக்கு அரச சாசனமும் கிடைத்தது. இப்படி ஒரே நாட்டில், ஒரே போர்க்காலத்தில், இரண்டு முயற்சிகள். ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

போர் முடிந்து ஜெர்மனி திரும்பிய பிலாட்டிஸ் 1926இல் அமெரிக்கா போனார். கப்பலில் சந்தித்த கிளாரா அவருக்கு வாழ்க்கைத் துணை ஆனார். நியூயார்க்கில் எட்டாவது அவென்யூவில் இருவரும் பயிற்சிக்கூடம் வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் நடனக்காரர்கள் அதிகம். கணுக்கால் பிசகினாலும் முதுகு பிடித்துக்கொண்டாலும் அவர்களுக்குப் பிழைப்பு போய்விடும். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய நடன ஆசிரியர்களே தங்கள் ஆட்களை இங்கே அனுப்பினார்கள். ஜோசப் அதட்டி வேலை வாங்குபவர். அடிபட்டு வந்தவருக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்றி, பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது கிளாராதான் என்று பழைய மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய பிசியோதெரபிஸ்டுகள் செய்வது பெரும்பாலும் கிளாரா செய்ததுதான் என்று எனக்குத் தோன்றும். பெயர் மட்டும் கணவருடையது!

மருத்துவர்கள் தன்னை ஏற்கவேண்டும் என்பது ஜோசப்பின் தீராத ஆசை. ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக் கலைஞருக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் காலத்தில் மார்புத் தசையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள், கையைத் தூக்கவே முடியாது. பிலாட்டிஸிடம் பயிற்சி செய்து அவர் மறுபடி கையைத் தூக்கினார். அதைப் படமாக எடுத்துக் காட்டியும் டாக்டர்கள் நம்பவில்லை என்று மாணவர்கள் சொல்லிவந்தார்கள். ஐம்பது வருஷம் முந்திப் பிறந்துவிட்டேன் என்று புலம்பிக்கொண்டே, 1967 அக்டோபரில் 83 வயதில் அவர் காலமானார். சுருட்டுப் பழக்கம் இருந்தது, நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவருக்கு இப்படி! அதன் பிறகும் கிளாரா கொஞ்ச காலம் கூடத்தை நடத்தினார். 1977இல் அவரும் மறைந்தார்.

1980களில் சான்பிரான்சிஸ்கோவில் செயின்ட் பிரான்சிஸ் மருத்துவமனை நடனக்காரர்களின் காயங்களுக்கு என்று தனிப் பிரிவு வைத்து, அங்கே பிலாட்டிஸ் கருவிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவிலும் பாலே நடனக்காரர்களைக் கவனித்துவந்த பிசியோதெரபிஸ்டுகள் மூலமாகத்தான் இது சிகிச்சை அறைக்குள் நுழைந்தது. 1996இல் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வயிற்றின் ஆழத்தில், இடுப்பைச் சுற்றி பெல்ட் கட்டியதுபோல் ஒரு தசை இருக்கிறது. நல்ல முதுகு உள்ளவர் கையைத் தூக்க நினைத்தவுடன், கைக்கு முன்னாலேயே இந்தத் தசை இறுகிவிடும். முதுகு வலிக்காரர்களுக்கு அது தாமதமாக இறுகுகிறது என்று கண்டார்கள். பிலாட்டிஸ் ஆரம்பத்திலிருந்தே வயிற்றைத்தான் மையம் என்று சொல்லிவந்தார் அல்லவா, பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு பிடி கிடைத்தது.

ஆனால் அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. முதுகெலும்பு பிறந்த குழந்தையின் முதுகுபோல் நேராக, தட்டையாக இருக்கவேண்டும் என்பது ஜோசப்பின் கொள்கை. முதுகின் இயற்கையான வளைவைக் காப்பாற்ற வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்டுகளின் கொள்கை. 1945இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் பல முதுகைச் சுருட்டி முன்னால் வளைப்பவை. ஒன்று ஏறக்குறைய நம் ஹலாசனமேதான்.

நம் வயதில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற, முதுகெலும்பு அடர்த்தி குறைந்துபோன 59 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். முன்னால் வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக எலும்பு நொறுங்கியிருந்தது. பின்பக்கமாக நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரியது. அதனால் விஷயம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கு அந்தச் சுருட்டும் பயிற்சிகளைத் தரமாட்டார். குப்புறப் படுத்து மார்பை லேசாகத் தூக்குவது, சுவரோரம் நிற்பது என்று மாற்றிவிடுவார். டிவியைப் பார்த்துச் செய்பவருக்கு இதை யார் சொல்வது?

பெயருக்கும் வழக்கு நடந்தது. பிலாட்டிஸ் என்ற பெயர் தங்களுக்கே சொந்தம் என்று ஒரு நிறுவனம் வணிக முத்திரை கோரியது. அதன் உரிமையாளரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான். 2000 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், யோகா, கராத்தே மாதிரி இதுவும் பொதுச்சொல், யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் இந்தப் பெயரில் போர்டு மாட்டலாம் என்றும் ஆகிவிட்டது.

பலன் எவ்வளவு என்று கேட்டால், 2015இல் காக்ரேன் அமைப்பு முதுகு வலிக்காக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டிஸ் வலியைக் குறைக்கிறது, மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். ஆஸ்திரேலிய அரசு 2019 ஏப்ரல் 1 முதல், ஆதாரம் போதவில்லை என்று, பிலாட்டிஸுக்குத் தனியார் மருத்துவக் காப்பீட்டில் பணம் தரக்கூடாது என்று நிறுத்தியது. யோகாவும் அதே பட்டியலில் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் நோயாளியைப் பரிசோதித்து, தன் சிகிச்சையின் ஒரு பகுதியாக அதே அசைவுகளைக் கொடுத்தால் மட்டும் அப்போது தடை இருக்கவில்லை. ரசீதில் பிசியோதெரபி என்று இருக்க வேண்டியிருந்தது.