கோதாவரி – 7: தியெப் கடலில் ஒரு விடியல்

பிரிட்டனின் 'பெடேல்' 1953-ல் நம்முடைய ஐ.என்.எஸ். கோதாவரியாக மாறிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் அதற்கு முன் அந்தக் கப்பலில் நான்கு ஆண்டுகள் போலந்துக் கொடி பறந்தது. அப்போது அதன் பெயர் 'ஷ்லோன்சாக்'. அந்த நாள்களைத் தாண்டிப்போக மனம் வரவில்லை.

வெம்பாக்கம், ஆரணிப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார். தறியில் உட்கார்ந்து நெய்பவர் வேறு. ஆறு நான்கு அங்குலப் பீரங்கிகளோடு கப்பலைக் கொடுத்தது பிரிட்டன். அதில் ஏறியவர்கள் நாட்டைப் பறிகொடுத்த போலந்து மாலுமிகள். கூலிக்காக அல்ல, இழந்த மண்ணுக்காக ஏறினார்கள்.

தலைவர் ரோமுவால்ட் திமின்ஸ்கி. எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

1942 ஆகஸ்ட் 19. பிரெஞ்சுக் கரையில் தியெப் துறைமுகத்தைத் தாக்க ஏறத்தாழ 5,000 கனடா வீரர்கள் புறப்பட்டார்கள். கிழக்கு ஓரத்தில் காவல் காத்தவை ஷ்லோன்சாக்கும் பிரிட்டனின் 'பிராக்கிள்ஸ்பி'யும். விடிவதற்கு முன், கமாண்டோ படகுகள் ஜெர்மன் கப்பல் தொடர் ஒன்றின் மீது போய் முட்டிக்கொண்டன. இருட்டில் தெரிந்த வெடிகளைக் கரையிலிருந்து வருபவை என்று திமின்ஸ்கி எண்ணினார், உதவிக்குப் போகவில்லை. இதற்காக அவரைக் குறை சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

நான் அவர்கள் கட்சி அல்ல. அந்தக் கப்பல் தொடர் வருவதைப் பற்றி அன்றிரவு போர்ட்ஸ்மவுத்திலிருந்து இரண்டு முறை எச்சரித்தார்கள். அதற்குப் பிறகும் திட்டம் மாறவில்லை. போதிய குண்டுவீச்சு இல்லாமல், செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே வீரர்களை இறக்கியது யார்? கூட்டு நடவடிக்கைகளுக்குத் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்தில் நமக்கு வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான்.

பூயி கடற்கரையில் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் கனடா படையினர் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். தப்பியவர்களில் சிலரைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது ஷ்லோன்சாக். தலைக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் வந்தபடியே இருந்தன. அதே ரகத்துக் கப்பலான 'பெர்க்லி' அன்று மூழ்கியது. ஷ்லோன்சாக் திரும்பி வந்தது. பிறகு சிசிலியிலும் நார்மண்டியிலும் அது போரிட்டது. அதை விரித்தால் தொடர் முடியாது.

ஒருவரை எடைபோட, இருட்டில் அவர் தவறிய ஒரு கணம் போதாது. வெளிச்சம் வந்தபின் குண்டுகளுக்கு நடுவே என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திமின்ஸ்கி கோழையல்ல.

போருக்குப் பின் அவர் கனடாவில் குடியேறி, 2003-ல் அங்கேயே காலமானார். கப்பல் 1946-ல் பிரிட்டனிடம் திரும்பியது. 1953-ன் கைமாற்றம் அடுத்த இதழில்.