கட்டம் போட்ட கணக்கு: ஆறுமுகநேரிக் கரையில் கணக்குக் கல்வியின் வரலாறு

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு வடக்கே, காயல்பட்டினத்தை அடுத்து அமைந்துள்ள ஆறுமுகநேரி உப்பளங்களால் அறியப்பட்ட ஊராகும். 1923ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை இவ்வூரை உள்நாட்டுச் சந்தைகளோடு இணைத்தது. 1959இல் அருகிலுள்ள சாகுபுரத்தில் தாரங்கதாரா வேதியியல் ஆலை காஸ்டிக் சோடா உற்பத்தியைத் தொடங்கியபோது, உணவுப்பொருளாக இருந்த உப்பு ஆலைக்கான மூலப்பொருளாகவும் ஆயிற்று. முத்து, உப்பு, நிலவரி ஆகிய மூன்றன் கணக்குகளும் இக்கரையின் பொருளியல் வாழ்வை நெடுங்காலம் தாங்கி நின்றன. வரிசைகளும் பத்திகளும் குறுக்கிடும் கட்டங்களில் எண்களை இட்டு, அவற்றுக்கிடையே உள்ள உறவை வாய்பாடாக எழுதிவைக்க உதவும் கணினி மென்பொருளான விரிதாளை இன்றைய கல்லூரி மாணவர் இணையவழியில் கற்பது, அந்தக் கணக்கு மரபின் அண்மைக்கால வடிவமே. இவ்வரலாற்றில் கருவி மாறியதைக் காட்டிலும், கணக்கிடும் முறையைக் கற்கும் வாய்ப்பு யார் யாருக்குக் கிடைத்தது என்பதே பெரிய மாற்றமாகும்.

மூன்றனுள் மிகவும் நுட்பமானது முத்துக்கணக்கு. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்பட்ட முத்துகளை வணிகர் முதலில் வெவ்வேறு அளவுள்ள துளைகளைக் கொண்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்தனர். பின்னர் ஒவ்வொரு தரத்தின் எண்ணிக்கையையும், கழஞ்சு, மஞ்சாடி என்னும் சிறு நிறைகளில் அதன் எடையையும் குறித்தனர். விலை எடையை மட்டும் கொண்டு முடிவாகவில்லை. மஞ்சாடிக் கணக்கிலான எடையைத் தன்னாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் ‘செவ்வு’ என்னும் மதிப்பு அலகே பேரத்தின் அடிப்படையாக அமைந்தது. 40 முத்துகள் 20 மஞ்சாடி எடை இருந்தால் அவற்றின் மதிப்பு ஏழரைச் செவ்வு. அதே எடைக்கு 20 முத்துகளே இருந்தால் பதினைந்து செவ்வு. பெரிய முத்து அரிதாகக் கிடைப்பது என்பதால், எடை ஒன்றாக இருந்தும் மதிப்பு இரட்டிப்பாகும் வகையில் இவ்விதி அமைக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை, எடை, மதிப்பு என மூன்று பத்திகளையும் அவற்றை இணைக்கும் ஒரு வாய்பாட்டையும் கொண்ட இக்கணக்கை, விரிதாளில் முதல் வரிசையில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். எத்தனை தரங்களுக்கும் அதை நகலெடுத்துக்கொள்ளலாம். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு அரசு முத்துக்குளிப்பு நின்றுபோனதால், இக்கணக்கும் புழக்கத்திலிருந்து மறைந்தது.

உப்புக்கணக்கின் இயல்பு வேறு. முத்து வணிகரின் கணக்கு அவர் கைக்குள் இருந்தது. உப்புக்கணக்கையோ அரசு நடத்தியது. சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. பின்னர் வந்த ஆயத்தீர்வை முறையில், உரிமம் பெற்றவர் உப்பு விளைவிக்கலாம் என்றாலும், தீர்வை செலுத்தாமல் அளத்தின் எல்லையைவிட்டு ஒரு மூட்டையும் வெளியேற இயலாது. ஆகவே வாரப்பட்ட உப்பு, அம்பாரத்தில் குவிக்கப்பட்ட உப்பு, அனுமதிச் சீட்டுடன் வெளியேறிய உப்பு, எஞ்சிய இருப்பு, கழிவு ஆகியன தனித்தனிப் பத்திகளில் பதியப்பட வேண்டியிருந்தது. முகத்தல் அளவையான கரிசை, உப்பைப் பொறுத்தவரை 120 மணங்குக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. ஒரு மணங்கு ஏறத்தாழ 37.3 கிலோ. 1888இல் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த தீர்வை 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்து, 1916இல் ஒன்றேகால் ரூபாயாகி, 1923இல் மீண்டும் இரண்டரை ரூபாய்க்கு உயர்ந்து, அடுத்த ஆண்டே ஒன்றேகாலுக்கு இறங்கியது. ஒரு கரிசை உப்பின் மீதான தீர்வை இவ்வாறு 300 ரூபாய்க்கும் 120 ரூபாய்க்கும் இடையே ஏறி இறங்கியபோதெல்லாம், ரூபாய், அணா, பை எனப் பதினாறாலும் பன்னிரண்டாலும் பகுபடும் நாணயத்தில் புதிய கணக்கைக் கையால் போட வேண்டியிருந்தது. 1947 ஏப்ரல் 1 முதல் உப்புத் தீர்வை நீக்கப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வந்தது. ஒன்று கணக்கின் ஒரு பகுதியையே இல்லாமலாக்கியது. மற்றது கணக்கிடுவதை எளிதாக்கியது.

இத்தகைய கணக்கைப் போடும் திறன் திண்ணைப் பள்ளிகளில் தொடங்கியது. முழு எண்களின் பெருக்கலோடு முந்திரி, காணி, மா, கால், முக்கால் ஆகிய பின்னங்களின் பெருக்கலையும் கொண்ட எண்சுவடியை மாணவர் மனப்பாடம் செய்தனர். நிலப்பரப்பைக் கணக்கிட உதவும் குழிமாற்று என்னும் வாய்பாடும் அதில் அடங்கும். ஆனால் சுவடியை ஒப்பிப்பதற்கும் பேரேட்டை எழுதுவதற்கும் இடையே நீண்ட தொலைவு இருந்தது. அத்தொலைவைக் கடக்கும் பயிற்சி வணிகரின் கடையிலும், கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டிலும் நடந்தது. அது பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பு, பயிர், பாசனம் முதலியவற்றைப் பத்திபத்தியாகக் காட்டும் அடங்கல் என்னும் கிராமப் பதிவேடு கர்ணத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் தன் நிலம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை உழவர் எழுதியவரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. 1980 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் போட்டித் தேர்வு வழியே கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டபோதுதான் கணக்கெழுதுதல் குடும்ப உரிமை என்னும் நிலை நடைமுறையில் முடிவுக்கு வந்தது.

அதற்கு முன்பே வேறு இரு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, ஊர்தோறும் கடைத்தெருக்களில் இயங்கிய தட்டச்சுப் பயிலகம்: தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல் ஆகியவற்றில் அரசு நடத்திய தொழில்நுட்பத் தேர்வுகளுக்கு அது மாணவரைத் தயார்ப்படுத்தியது, அதன் வழியே பெண்களும் பெருமளவில் அலுவலகப் பணிக்குள் நுழைந்தனர். மற்றொன்று கல்லூரி: தூத்துக்குடியில் 1951இல் வ.உ.சிதம்பரம் கல்லூரியும், திருச்செந்தூரில் 1965இல் சி.பா.ஆதித்தனார் நிறுவிய ஆதித்தனார் கல்லூரியும் தொடங்கப்பட்டதால், உயர்கல்வி ரயிலிலும் பேருந்திலும் அன்றாடம் சென்று திரும்பும் தொலைவுக்கு வந்தது. பகலில் வேலை செய்வோருக்கு அஞ்சல்வழிக் கல்வி உதவியது. இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய இம்முறையை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மேற்கொண்டன. அச்சிட்ட பாடங்கள் தபாலில் வந்து சேரும் இம்முறையில் கோட்பாட்டைக் கற்கலாம். பயிற்சிக் கணக்கு சரியா தவறா என்பதை உடனுக்குடன் அறிய வழியில்லை.

கணக்குத்தாள் கணினிக்குள் சென்ற கதை இதே காலத்தைச் சேர்ந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்லின், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு, அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க எண்ணினார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக விற்பனைக்கு வந்தது. அதில் 254 வரிசைகளும் 63 பத்திகளும் இருந்தன. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் ஆகியன தொடர்ந்தன. உப்புத் தீர்வையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே இதன் செயல்முறையை விளக்கலாம்: தீர்வை விகிதத்தை ஒரு நுண்ணறையில், அதாவது ஒரு கட்டத்தில் மட்டும் எழுதி, எல்லா வரிசைகளின் வாய்பாடுகளும் அக்கட்டத்தையே சுட்டும்படி அமைத்தால், இரண்டரையை ஒன்றேகாலாக மாற்றிய கணமே பேரேடு முழுவதும் புதிய தொகைகளைக் காட்டும்.

தமிழகப் பள்ளிகளில் இப்பாடம் இடம்பெற்றபோது, பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆபிஸ் கால்க் என்னும் விரிதாளைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்வழி மாணவர் அதை ‘அட்டவணைச் செயலி’ என்ற பெயரில் கற்றனர். தொழில்நுட்பக் கல்வித் துறை, தட்டச்சுத் தேர்வுகளின் தொடர்ச்சியாகக் கணினிவழி அலுவலகப் பணிக்கான சான்றிதழ்த் தேர்வையும் நடத்தியதால், பழைய தட்டச்சுப் பயிலகங்கள் பல தட்டச்சுப்பொறிகளோடு கணினிகளையும் வைத்துக்கொண்டன. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பயிலகத்தில் மணிக்கணக்கில் மட்டுமே கிடைத்த கருவியை மாணவரின் வீட்டுக்கே கொண்டுசேர்த்தது.

இணையவழிப் படிப்பு இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்திவருகிறது. 2017 ஜூலையில் நடுவண் அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. இப்படிப்புகளில் சேரக் கட்டணமில்லை. வாராந்தரப் பயிற்சிகளை வீட்டிலிருந்தே முடித்து, கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் தேர்வெழுதினால் சான்றிதழ் கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு பருவப் பாடங்களில் 20 விழுக்காட்டையும், 2021இல் 40 விழுக்காட்டையும் இவ்வழியில் படிக்க இசைவளித்ததால், விருப்பப் பயிற்சியாக இருந்தது பட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கைத் தமிழ்க்குரலில் சிறு காணொளிகளாகக் கற்பிக்கிறது. காணொளியை ஒருபுறமும் விரிதாளை மறுபுறமும் திறந்துவைத்து, காட்டியதை அப்போதே செய்துபார்ப்பது அதன் முறை. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கலை, அறிவியல் கல்லூரி மாணவருக்கு மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் பாடமும் அளிக்கப்பட்டது. அஞ்சல்வழிக் கல்வியால் இயலாத உடனடித் திருத்தம் இங்கே கைகூடுகிறது. ஆனால் கைப்பேசியின் சிறு திரையில் பாடத்தைக் கேட்க முடிந்தாலும் அகன்ற பட்டியலைக் கையாள்வது கடினம் என்பதால், கணினி உள்ள மாணவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புதிய வேறுபாடு தோன்றியுள்ளது.

கருவியின் வரம்புகளை அறிவதும் இப்படிப்பின் பகுதியாக வேண்டும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால், அவ்வடிவத்தின் எல்லையான 65,536 வரிசைகளுக்கு அப்பாற்பட்ட தரவுகள் விடுபட்டு, 15,841 கொரோனாத் தொற்றுகள் உரிய நாளின் கணக்கில் சேராமற்போயின. கையால் எழுதிய பேரேட்டில் ஒரு பிழை பெரும்பாலும் ஒரு வரியைக் கெடுக்கும். விரிதாளில் ஒரு வாய்பாட்டின் பிழை அதைச் சார்ந்த எல்லா வரிகளையும் கெடுக்கும்.

கூட்டல், பெருக்கல், மறுகணக்கு ஆகியவற்றைக் கணினி ஏற்றுக்கொண்ட பின்பும் எதைத் தனிப் பத்தியாகக் கொள்வது என்னும் முடிவு மனிதரிடமே உள்ளது. முத்துகளை எத்தனை தரமாகப் பிரிப்பது என்பதை வணிகர் சமூகம் முடிவு செய்தது. அடங்கலிலும் உப்புத்துறைப் பதிவேட்டிலும் பத்திகளின் தலைப்புகளை அரசே வகுத்துக்கொடுத்தது. தீர்வை எவ்வளவு என்பதற்கு அத்துறையின் பதிவேட்டில் இடம் இருந்தது. உப்பு வாரியவரின் கூலி அதன் நோக்கத்துக்கு வெளியே நின்றது. வெற்று விரிதாளைத் திறக்கும் ஆறுமுகநேரி மாணவர் அத்தலைப்புகளைத் தாமே எழுதலாம். கூலிக்கும் அங்கே ஒரு பத்தி ஒதுக்கலாம். இணையவழிப் படிப்பு அவருக்கு எத்தனை வாய்பாடுகளைக் கற்பித்தது என்பதை விட, அந்தத் தேர்வைச் செய்யும் தெளிவை அளித்ததா என்பதைக் கொண்டே அதன் பயனை மதிப்பிட வேண்டும்.