குப்பியில் அடைத்த புகை



தணலில் வாட்டிய உணவுக்கென்று ஒரு மணம் உண்டு. கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்துக் கடைந்தவர்களும், சோளக்கதிரைக் கங்கில் திருப்பித் திருப்பி வாட்டித் தின்றவர்களும் அதனை அறிவர். அதே கத்தரிக்காயை நீரில் வேகவைத்தால் அம்மணம் வருவதில்லை. எரிவாயுவும் மின்சாரமும் அடுக்களைக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், "அந்தப் புகைமணத்தை வீட்டிற்குள்ளேயே பெறுவது எப்படி?" என்று பலரும் கேட்கின்றனர். இக்கேள்வி புதியதன்று. இதற்கு விடை தேடியவர்களின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் புகையின் இயல்பைச் சிறிது காண்போம். நான் பாடம் நடத்திய நாட்களில், ஒரு சோதனைக் குழாயில் மரச்சீவல்களை இட்டு, வளைகுழாய் ஒன்றைப் பொருத்திச் சூடாக்கிக் காட்டுவது வழக்கம். சீவல்கள் கரியாகும், எரியக்கூடிய வாயு வெளிவரும், குளிர்ந்த பக்கத்தில் பழுப்பு நிற நீரும் கருமையான கீலும் தங்கும். அந்தப் பழுப்பு நீரை முகர்ந்த மாணவர்கள், "ஐயா, அடுப்படி வாசம்!" என்பார்கள். அவர்கள் சொன்னது சரியே. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தால் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் முதலியவை பிறக்கின்றன. முன்னது புகையின் சுவையையும், பின்னது அதன் மணத்தையும் பெரிதும் தருவன.

இதிலிருந்து மற்றோர் உண்மை விளங்கும். கரியாகிவிட்ட மரத்திலிருந்து இப்பொருள்கள் பெரும்பாலும் முன்பே வெளியேறிவிட்டன. ஆகவே வெறுங்கரிக்கு மணம் மிகக் குறைவு. அப்படியானால் கரித்தணலில் சுட்ட இறைச்சி மணப்பது எவ்வாறு? உருகிய கொழுப்பு தணலின்மேல் சொட்டிப் புகைகிறது. அப்புகை மேலெழுந்து இறைச்சியிலேயே படிகிறது.

வேதியியல் பயிலாத வடநாட்டுச் சமையற்காரர் இந்நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். 'துங்கார்' என்பது அவர்கள் கையாளும் முறை. சமைத்து முடித்த பருப்பின் நடுவிலோ இறைச்சியின் நடுவிலோ ஒரு சிறு கிண்ணத்தை வைப்பர். அதில் கனன்ற கரித்துண்டு ஒன்றை இட்டு, அதன்மேல் சிறிது நெய்யை விட்டு, பாத்திரத்தை உடனே மூடிவிடுவர். சில நிமிடங்களில் நெய்ப்புகை உணவில் ஏறிவிடும். சீனரோ தேயிலை, அரிசி, சர்க்கரை ஆகியவற்றை மூடிய வாணலியில் புகையவிட்டு, அதன்மேல் வாத்திறைச்சியை வைத்து மணமூட்டினர். எனினும் இவ்விரண்டிலும் பொருளொன்று வீட்டிற்குள் கருகியே ஆகவேண்டும்.

நெருப்பே இல்லாமல் புகையை மட்டும் கொண்டுவரத் துணிந்தவர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் நகரில் மருந்துக்கடை நடத்திய ஏர்னஸ்ட் ரைட் என்பவர். அந்நாட்டு உழவர்கள் பன்றியிறைச்சியை உப்பிட்டு, புகைக்கொட்டிலில் பல நாட்கள் தொங்கவிட்டுப் பக்குவம் செய்வர். ரைட் சிறுவனாக ஓர் அச்சுக்கூடத்தில் வேலை செய்தபோது, கணப்பின் புகைக்குழாயிலிருந்து சொட்டிய கருநிற நீரில் புகையின் மணத்தைக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1895-ஆம் ஆண்டில் அவர் ஹிக்கரி மரத்தின் புகையைக் குளிரச்செய்து நீராக்கி, குப்பியில் அடைத்து விற்கத் தொடங்கினார். இறைச்சியின்மேல் அதனைப் பூசினால் போதும். கொட்டிலும் வேண்டா, காவலும் வேண்டா.

அதே நகரில் 1908-ஆம் ஆண்டு வாக்கில் ஹென்றி பெர்ரி என்னும் கறுப்பினத்தவர், ஹிக்கரி, ஓக் மரங்களின் தணலில் இறைச்சியைப் பல மணி நேரம் வாட்டி, செய்தித்தாளில் பொதிந்து தொழிலாளருக்கு விற்றார். இன்று 'பார்பெக்யூ' எனும் சூட்டிறைச்சிக்கு அந்நகர் பெற்றுள்ள புகழுக்கு அவரே மூலவர் என்பர். ஒரே ஊரில் ஒருவர் புகையைக் குப்பியில் அடைத்தார். மற்றொருவர் குழியில் மூட்டினார். இவ்விரண்டில் எது உண்மையான புகை?

இக்கேள்வி நீதிமன்றத்திற்கே சென்றது. உணவுப்பொருள்களின் தூய்மையைக் காக்க அமெரிக்கா 1906-இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டத்தின்படி, ரைட்டின் குப்பிமேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மக்களை ஏமாற்றுகிறது என்று அரசு வழக்குத் தொடர்ந்தது. 1913-இல் அவ்வழக்கில் ரைட் வென்றார். சீட்டில் எழுதியவாறே மரத்திலிருந்துதான் அந்நீர் எடுக்கப்படுகிறது என்பது அரசுத் தரப்புச் சான்றுகளாலேயே வெளிப்பட்டது.

பெயர் பற்றிய வழக்கு முடிந்தது. உடல்நலம் பற்றிய வழக்கு முடியவில்லை. இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களாய் வாழ்வைத் தொடங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதைப் பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775-இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். 1915-இல் ஜப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரிக் கீலைத் தொடர்ந்து பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். 1933-இல் அக்கீலிலிருந்து பென்சோபைரீன் என்னும் நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. விறகுப்புகையிலும் அது உண்டு. எனவே புகைநீரிலிருந்து கீலை அகற்றும் முயற்சிகள் பிறந்தன. 1963-இல் ஹாலன்பெக் என்பவர், புகையை நீரில் கரையச்செய்து கீலைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வளவு செய்தும் ஐயம் முற்றிலும் தீரவில்லை. தம் சந்தையிலிருந்த எட்டுப் புகைச்சுவைப் பொருள்களின் அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் முடிவு செய்து, சில ஆண்டுகள் தவணை கொடுத்திருக்கிறது.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணவேண்டும். புகையின் மணத்தைப் புகழ்ந்தவர் உணவை உண்டவர். புகையை உண்டவரோ அடுப்பூதிய பெண்மணி. என் தாயார் ஈரவிறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எங்களுக்குச் சோறு படைப்பார். அடுக்களைச் சுவரில் படிந்த கருமை அவர் நெஞ்சிலும் படிந்திருக்கும் என்று அப்போது எங்களுள் ஒருவரும் நினைக்கவில்லை. இத்தகைய தாய்மாருக்காகவே எஸ். பி. ராஜு என்னும் பொறியியலார் ஐதராபாத்தில் புகைபோக்கி பொருத்திய அடுப்பை வடிவமைத்தார். புகையற்ற அடுக்களையை இலட்சோப இலட்சம் மக்களுக்கும் வழங்குவது பற்றிய அவரது நூல் 1953-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. ஆயினும் வீட்டுப்புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்பு மாறியது வெறும் வசதியன்று. உயிர்காத்த மாற்றம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, புகைமணம் விரும்பும் அன்பர்களுக்கு இவ்வரலாறு உணர்த்துவது இதுதான். மணம் வேறு, புகை வேறு. மணத்திற்குச் சிறிதளவே போதும். ஒரு கரித்துண்டும் ஒரு கரண்டி நெய்யும் ஒரு பானைப் பருப்பை மணக்கச் செய்யும். அதையும் சன்னலைத் திறந்துவைத்து, என்றோ ஒருநாள் செய்யுங்கள். கரியடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் ஒருபோதும் மூட்டாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். உண்பவரின் நாவைப்போலவே சமைப்பவரின் மூச்சையும் மதிக்கும் வீட்டில், எந்த உணவும் மணக்கும்.